மத்தியான வெயிலில் டர்போ கார் இழுக்கவில்லையா? அறிகுறியைப் பார்த்து கோளாறைப் பிடிக்கும் வழி

மார்ச் பிறந்தால் எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு ஒரே மாதிரியான புகாரோடு வண்டிகள் வர ஆரம்பிக்கும். "அண்ணா, காலையில பறக்குதுங்க. மத்தியானம் அதே ரோட்டுல மிதிச்சா எதுவுமே இல்லைங்க." கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே ரேஸ் ட்ராக்கில் ஞாயிற்றுக்கிழமை ட்ராக் டே நடந்தால், திங்கட்கிழமை காலை இன்னும் மூன்று நான்கு வண்டிகள் சேர்ந்துகொள்ளும். வருகிறவர்களில் பலர் பெரிய இன்டர்கூலருக்கோ (டர்போவிலிருந்து வரும் சூட்டுக் காற்றைக் குளிர்விக்கும் பாகம்) ஓப்பன் ஃபில்டருக்கோ விலை விசாரித்துவிட்டுத்தான் வருகிறார்கள். பானட்டைத் திறந்து பார்த்தால் பெரும்பாலும் ஒரு கிளிப், ஒரு ஓஸ், ஒரு வாட்டர் வாஷில் முடிகிற வேலையாக இருக்கும். பணத்தைக் கொட்டுவதற்கு முன்னால் நீங்களே செய்யக்கூடிய சோதனைகளை, நாங்கள் செய்கிற வரிசையிலேயே எழுதுகிறேன்.

தியரி இவ்வளவு போதும். காற்று சூடானால் விரியும். அதே அழுத்தத்தில் 20 டிகிரியில் இருக்கும் காற்று 40 டிகிரிக்குப் போனால், ஒரே கொள்ளளவில் அடங்கும் எடை சுமார் 6 சதவீதம் குறையும். 60 டிகிரிக்குப் போனால் 12 சதவீதம். காற்று குறைந்தால் எரிக்கிற பெட்ரோலும் குறையும், அதனால் இழுவையும் குறையும். அதோடு, சூடான காற்றில் நாக்கிங் (பெட்ரோல் கலவை சிலிண்டருக்குள் தானாகவே வெடிப்பது) வரும் என்பதால் ஈசியு (இஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டர்) தானாகவே இக்னிஷன் டைமிங்கை, அதாவது பிளக் பொறி விடும் நேரத்தை, பின்னால் தள்ளிவிடும். டர்போ வண்டியில் "எதுவுமே இல்லை" என்று தோன்றுவதற்கு முக்கியக் காரணம் இந்த இரண்டாவது விஷயம்.

ஆரம்பிக்கும் முன்: நான்கு ரீடிங்

ஓபிடி போர்ட்டில் (வண்டியின் கோளாறு பார்க்கும் சாக்கெட்) செருகும் ஒரு புளூடூத் டாங்கிளும் போனில் ஒரு ஆப்பும் வேண்டும். திரையில் நான்கு விஷயங்களை எடுத்து வையுங்கள்: இன்டேக் காற்றின் வெப்பம் (ஐஏடி), கூலன்ட் வெப்பம், வெளி வெப்பம், இக்னிஷன் டைமிங். வெளி வெப்பத்தை வண்டி காட்டாவிட்டால் நிழலில் தொங்கவிட்ட ஒரு சாதாரணத் தெர்மாமீட்டர் போதும்.

முதல் சோதனையை ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் காலையில் செய்யுங்கள். இஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் இக்னிஷனை மட்டும் போட்டுப் பாருங்கள். ஐஏடி, கூலன்ட், வெளி வெப்பம் மூன்றும் இரண்டு மூன்று டிகிரிக்குள் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால் மற்ற எதையும் தொடாமல், கீழே ரீடிங் கிறுக்குத்தனமாக இருப்பதைப் பற்றிய பகுதிக்கு நேராகப் போய்விடுங்கள். சென்சாரே பொய் சொல்லும்போது மற்ற சோதனை எல்லாம் வீண்.

அடுத்தது, நீங்கள் பார்ப்பது எந்தச் சென்சார் என்று தெரிய வேண்டும். சில வண்டிகளில் ஆப் காட்டுவது ஏர் ஃபில்டர் பக்கத்தில், டர்போவுக்கு முன்னால் இருக்கும் சென்சாரின் ரீடிங். நமக்கு வேண்டியது இன்டர்கூலரைத் தாண்டி மேனிஃபோல்டில் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் குழாய்) இருப்பது. கண்டுபிடிப்பது சுலபம்: டைனோவிலோ (வண்டியை ரோலர் மேல் ஓட்டிச் சக்தியை அளக்கும் இயந்திரம்) ட்ராக்கிலோ ஒரு தடவை முழுசாக மிதித்துப் பாருங்கள். பூஸ்ட் (டர்போ கொடுக்கும் கூடுதல் காற்றழுத்தம்) ஏறும்போது ரீடிங்கும் கூடவே சில டிகிரி ஏறினால் அது மேனிஃபோல்டு சென்சார். அசையாமல் நின்றால் முன்னால் இருப்பது. ஆப்பில் இரண்டாவது ஐஏடி இருக்கிறதா என்று தேடுங்கள்.

இனி மனதில் வைத்துக்கொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று: ஐஏடிக்கும் வெளி வெப்பத்துக்கும் உள்ள வித்தியாசம். "50 டிகிரி காட்டுதுங்க" என்று போனில் சொன்னால் எனக்கு ஒன்றும் புரியாது. வெளியே 40 இருக்கும்போது 50 என்றால் அருமையான வண்டி. வெளியே 26 இருக்கும்போது 50 என்றால் எங்கேயோ பிழை. நாங்கள் பார்த்த வரையில், நல்ல நிலையில் இருக்கும் டர்போ வண்டி 60, 80 கிலோமீட்டர் வேகத்தில் சீராக ஓடும்போது வித்தியாசம் 5 முதல் 15 டிகிரிக்குள் இருக்கும். இன்டர்கூலர் தண்ணீரால் குளிர்விக்கப்படும் வகையாக இருந்தால் அந்த வரம்பின் மேல்பக்கம் நிற்கும், சில நேரம் கொஞ்சம் தாண்டவும் செய்யும்.

ரீடிங்கைப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் பார்க்கட்டும், அல்லது ஆப்பில் பதிவு செய்துவிட்டு அப்புறம் பாருங்கள். ஓட்டிக்கொண்டே போனைப் பார்க்க வேண்டாம்.

## அறிகுறி 1: சிக்னலில், டிராஃபிக்கில் நின்ற பிறகு மந்தம், கொஞ்ச தூரம் ஓடினால் சரியாகிறது

இது கோளாறே இல்லாமலும் இருக்கலாம். வெளியே 38 டிகிரி, பத்து நிமிஷம் வண்டியை நிறுத்திவிட்டு டீ குடித்து வந்து ஸ்டார்ட் செய்தால் ஐஏடி 65, 70 காட்டும். பானட்டுக்குள் காற்றோட்டம் இல்லை; இஞ்சின் சூடு மேனிஃபோல்டையும் சென்சாரையும் ஊறவைத்துவிட்டது. கிளம்பி 60 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு கிலோமீட்டர் ஓட்டுங்கள். வித்தியாசம் 15 டிகிரிக்குள் இறங்கிவிட்டால் வண்டியில் பிழை இல்லை. அந்த முதல் இரண்டு கிலோமீட்டரில் மெதுவாகப் போவது மட்டுமே வைத்தியம்.

இறங்கவில்லை என்றால் இந்த வரிசையில் பாருங்கள்.

ஃபில்டர் பெட்டியின் மூக்கு. கம்பெனி ஏர்பாக்ஸிலிருந்து ஒரு பிளாஸ்டிக் குழாய் முன் கிரில் வரைக்கும் போகும். அது சரியாக மாட்டியிருக்கிறதா, வாய் கிரில்லுக்கு நேராக இருக்கிறதா என்று பாருங்கள். போன ஏப்ரலில் ஒரு டர்போ ஹாட்ச்பேக் வந்தது. மூன்று வாரமாக மத்தியானம் இழுவை இல்லை, ஏற்கெனவே பிளக், காயில் எல்லாம் மாற்றியாகிவிட்டது. பானட்டைத் திறந்தால் ஏர்பாக்ஸின் வாய் ரேடியேட்டர் ஃபேனைப் பார்த்துத் திறந்து கிடந்தது. முன்னால் போக வேண்டிய குழாயைக் காணோம். டிக்கியில் ஸ்டெப்னிக்குக் கீழே, பழைய பேப்பரில் சுற்றி, முழங்கை நீளத்துக்கு அந்தக் குழாய் இருந்தது. எங்கேயோ சர்வீஸில் கழற்றியவர்கள் மாட்ட மறந்து அங்கே போட்டிருக்கிறார்கள். வண்டிக்காரருக்கே தெரியாது. இரண்டு புஷ் கிளிப் போட்டு மாட்டினோம். அதே வெயில், அதே 60 கிலோமீட்டர் வேகம்: 61 காட்டிய ரீடிங் 46க்கு வந்து நின்றது. கிளிப்புக்குக்கூட நாங்கள் காசு வாங்கவில்லை.

ஓப்பன் கோன் ஃபில்டர். இதைப் பற்றி கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகமாக ஏமாறுகிற இடம் இதுதான். கோன் ஃபில்டர் போட்டதும் சத்தம் கூடும். சத்தம் கூடினால் வண்டி வேகமாகப் போவது போலவே இருக்கும். ஆனால் பானட்டுக்குள் எந்தத் தடுப்பும் இல்லாமல் தொங்கும் கோன், ரேடியேட்டரைத் தாண்டி வரும் சூட்டுக் காற்றைத்தான் உறிஞ்சுகிறது. ஹைவேயில் வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. அவிநாசி ரோட்டில் சிக்னலுக்குச் சிக்னல் நின்று போகும்போது தெரியும். ஒரு நாள் பழைய ஏர்பாக்ஸை மாட்டி, அதே நேரம், அதே ரோட்டில் ஓட்டி இரண்டு பதிவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கோன்தான் வேண்டும் என்றால், நாலு பக்கமும் மூடிய பெட்டிக்குள் அதை வைத்து, வெளிக் காற்று வரக் குழாய் கொடுங்கள். அந்தக் குழாயைப் பம்பரின் அடிவரைக்கும் இறக்கிவிடாதீர்கள். மழையில் தேங்கிய தண்ணீரை உறிஞ்சி கனெக்டிங் ராடு வளைந்த வண்டியைப் பிரித்துப் பார்த்திருக்கிறோம். அது இஞ்சின் முழுசாகப் பிரிக்கிற செலவு.

ரேடியேட்டர் ஃபேன். ஏசியைப் போட்டதும் ஃபேன் சுற்ற வேண்டும். கூலன்ட் சூடு ஏறினால் வேகம் கூட வேண்டும். ஒரே வேகத்தில் சுற்றுகிறது, அல்லது விட்டுவிட்டு நிற்கிறது என்றால் ஃபியூஸ், ரிலே, ஃபேன் கண்ட்ரோல் மாட்யூல் என்று போகும். மாட்யூல் வரைக்கும் வந்தால் எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

அடித்தட்டும் ஹீட் ஷீல்டும். இஞ்சினுக்குக் கீழே இருக்கும் பிளாஸ்டிக் தட்டு உடைந்ததும் கழற்றிப் போட்டுவிடுகிறார்கள். அது போனால் பானட்டுக்குள் காற்று போகிற வழியே மாறிவிடும். டர்போ மேலே மூடியிருக்கும் தகடும் அப்படித்தான். டர்போ வேலை செய்தவர்கள் போல்ட் துருப்பிடித்து உடைந்தது என்று தகட்டையே விட்டுவிடுவார்கள். பார்த்தாலே தெரிந்துவிடும்.

மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டிய கட்டம்: ஐஏடியோடு கூலன்ட் வெப்பமும் 110ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் இது இன்டேக் பிரச்சினை மட்டும் இல்லை. ஓரமாக நிறுத்தி, அணைத்துவிட்டு, கூப்பிடுங்கள்.

## அறிகுறி 2: முதல் லேப் அருமை, மூன்றாவது லேப்பிலிருந்து வண்டி செத்துப்போகிறது

ட்ராக்கில் மட்டுமில்லாமல், மலை ஏற்றத்தில் தொடர்ந்து மிதித்து ஓட்டுகிறவர்களுக்கும் இதே அறிகுறிதான்.

டர்போவின் வேலையே காற்றை அமுக்குவது, அமுக்கினால் சூடாகும். 35 டிகிரிக் காற்றை இரண்டு மடங்கு அழுத்தத்துக்கு அமுக்கும் ஒரு சாதாரண டர்போவிலிருந்து காற்று 130 டிகிரிக்குப் பக்கத்தில் வெளியே வரும். அதை மறுபடி 50க்குக் கொண்டுவருகிற பாரம் முழுவதும் இன்டர்கூலரின் தோளில். அதனால் இந்த அறிகுறிக்கு நேராக இன்டர்கூலரைப் பார்க்க வேண்டும்.

பதிவைத் திறந்து கோட்டின் வடிவத்தைப் பாருங்கள். நல்ல வண்டியில் நேர்ப்பாதையில் ரீடிங் ஏறும், மிதியை விட்டு வளைவுகளில் போகும்போது இறங்கும். உச்சம் லேப்புக்கு லேப் கொஞ்சம் ஏறி மூன்று நான்கு லேப்பில் ஓரிடத்தில் நிற்கும். நோய் பிடித்த வண்டியில் படிக்கட்டு மாதிரி ஏறிக்கொண்டே போகும்; வளைவுகளிலும் இறங்காது.

இனி உங்கள் வண்டி எந்த வகை என்று பாருங்கள். ஸ்கோடா ஆக்டேவியா விஆர்எஸ் மாதிரி வண்டிகளில் இன்டர்கூலர் முன்னால் இருக்கும், ஏசி கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில். அதைக் காற்றே குளிர்விக்கும். ஃபோக்ஸ்வாகன் போலோ 1.2 மற்றும் 1.0 டிஎஸ்ஐ மாதிரி வண்டிகளில் இன்டர்கூலர் மேனிஃபோல்டுக்குள்ளேயே இருக்கும். ஒரு சின்ன மின்சாரப் பம்ப் தனியாகக் கூலன்ட்டைச் சுற்றவிட்டுக் குளிர்விக்கும். இந்த இரண்டுக்கும் கோளாறு வேறு, சோதனையும் வேறு.

### 2அ: காற்றால் குளிரும் இன்டர்கூலர்

முதலில் டார்ச் அடித்து கிரில் வழியாகப் பாருங்கள். பூச்சி, இலை, சேறு. திருப்பூர், பல்லடம் பக்கம் ஓடும் வண்டி என்றால் பஞ்சு. கம்பளம் மாதிரி படிந்திருக்கும். பம்பரைக் கழற்றி, தோட்டத்து ஓஸ் அளவு வேகத்தில், முடிந்தால் இஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீர் விடுங்கள். பிரஷர் வாஷரைக் கிட்டே கொண்டுபோனால் ஃபின் எல்லாம் மடிந்து, அழுக்கை விட மோசமான அடைப்பாகிவிடும்.

பம்பரைக் கழற்றிய கையோடு, பம்பருக்கும் கூலருக்கும் நடுவில் இருக்க வேண்டிய ஃபோம் பட்டைகளும் பக்கத் தடுப்புகளும் இருக்கின்றனவா என்று பாருங்கள். காற்று சோம்பேறி. சுற்றிப் போக ஒரு விரல் இடைவெளி கிடைத்தால் கூலருக்குள் நுழையாது. பம்பருக்குப் பெயிண்ட் அடித்த வண்டிகளில் இந்தப் பட்டைகள் பாதிக்குப் பாதி திரும்ப மாட்டப்படுவதில்லை. கிரில்லுக்கு முன்னால் கூடுதலாக மாட்டிய விளக்குகளும் இதே கெடுதலைத்தான் செய்யும்.

ட்ராக்கில் ஏசியை அணையுங்கள். கண்டன்சர் கக்கும் சூடு நேராக இன்டர்கூலர் மேல்தான் போகிறது. காசு செலவில்லாத சோதனை: ஏசி போட்டு இரண்டு லேப், போடாமல் இரண்டு லேப்.

அடுத்தது, இன்டர்கூலரின் கீழ் ஓஸைக் கழற்றிப் பாருங்கள். லேசான எண்ணெய்ப் பிசுக்கு சகஜம். சாய்த்தால் ஒரு டீ கிளாஸ் ஆயில் ஊற்றுகிறது என்றால், உள்ளே குழாய்ச் சுவரில் எண்ணெய் படிந்து சூடு வெளியேற முடியவில்லை என்று அர்த்தம். காரணம் பிசிவி வால்வாக (இஞ்சினுக்குள் சேரும் ஆவியை இன்டேக்குக்குத் திருப்பும் வால்வு) இருந்தால் சின்ன செலவு. டர்போ சீலாக இருந்தால் பெரிய செலவு. எது என்று பார்க்க ஒர்க்‌ஷாப்புக்கு வாருங்கள். கூலரை மட்டும் கழுவி மாட்டினால் ஒரு மாதத்தில் அதே கதை.

ஓஸ் கசிவையும் மறக்காதீர்கள். வெடித்த ஓஸ் என்றால் சத்தம் காட்டிக் கொடுத்துவிடும். தந்திரமானது, பூஸ்ட் ஏறும்போது மட்டும் விரிந்து கசிகிற மயிரிழை வெடிப்பு. கசிகிற காற்றை ஈடுகட்ட டர்போ இன்னும் வேகமாகச் சுற்றும், காற்று இன்னும் சூடாகும்; பூஸ்ட் ரீடிங் மட்டும் சரியாக இருப்பது போலவே காட்டும். கிளிப் பக்கத்தில் எண்ணெய் தெறித்த கறை இருந்தால் அங்கேதான் சந்தேகப்பட வேண்டும். புகை விட்டுப் பார்க்கும் ஸ்மோக் டெஸ்ட் பத்து நிமிஷ வேலை. அதைச் செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

இவ்வளவும் பார்த்து ஒன்றும் கிடைக்கவில்லை, வண்டியில் மேப் (ஈசியுவுக்கு மாற்றி எழுதிய புரோகிராம்) ஏற்றி பூஸ்ட் கூட்டியிருக்கிறது என்றால், இப்போதுதான் பெரிய இன்டர்கூலர் பேச்சு. கம்பெனி கூலர் கம்பெனி பூஸ்டுக்காக அளவெடுத்தது. வாங்கும்போது அளவை மட்டும் பார்க்காதீர்கள். தடிமனான மலிவுக் கூலர் பின்னால் இருக்கும் ரேடியேட்டருக்குக் காற்றை மறித்துவிடும். ஐஏடி பத்து டிகிரி இறங்கி, கூலன்ட் பத்து டிகிரி ஏறிய வண்டிகளைப் பார்த்திருக்கிறோம்.

### 2ஆ: தண்ணீரால் குளிரும் இன்டர்கூலர்

இங்கே குற்றவாளி பெரும்பாலும் பம்ப். அடையாளம்: மெதுவாக ஓட்டினால் பரவாயில்லை, ஒரு தடவை மிதித்தால் 70, 80க்கு ஏறி அங்கேயே நிற்கும், நீண்ட நேரம் ஓட்டினாலும் இறங்காது.

நன்றாக ஓட்டிவிட்டு வந்து பானட்டைத் திறந்து, மேனிஃபோல்டுக்குப் போகும் இரண்டு சின்னக் கூலன்ட் ஓஸ்களையும் கையால் தொட்டுப் பாருங்கள். ஃபேனிடமும் டர்போவிடமும் கையைக் காத்துக்கொள்ளுங்கள். ஒன்று வெதுவெதுப்பாகவும் இன்னொன்று கூடுதல் சூடாகவும் இருந்தால் தண்ணீர் ஓடுகிறது. மேனிஃபோல்டு பக்கம் இரண்டும் கொதிக்க, முன்னால் இருக்கும் சின்ன ரேடியேட்டர் ஜில்லென்று இருந்தால் ஓட்டமே இல்லை. பம்ப் மேல் விரல் வைத்தால் ஓடும்போது மெல்லிய அதிர்வு தெரியும். எல்லா வண்டியிலும் அது எப்போதும் ஓடாது, தேவைப்படும்போதுதான் ஓடும். அதனால் குளிர்ந்த இஞ்சினில் அதிர்வு இல்லை என்பதை வைத்து முடிவு கட்டாதீர்கள்.

வரிசை: ஃபியூஸ், கனெக்டரில் பச்சைத் துரு, பம்புக்கு வருகிற மின்சாரம், அப்புறம் பம்ப். மின்சாரம் வந்தும் சுற்றவில்லை என்றால் பம்பை மாற்றத்தான் வேண்டும்.

சமீபத்தில் கூலன்ட் மாற்றினீர்களா? அப்படியென்றால் பம்பைக் குறை சொல்வதற்கு முன்னால் ஏர்லாக்கைச் சந்தேகப்படுங்கள். இந்தச் சின்னச் சுற்றில் காற்று சிக்கிக்கொண்டால் சாதாரணமாக மூடியைத் திறந்து ஊற்றுவதில் போகாது. வாக்யூம் பிடித்துக் கூலன்ட் ஏற்றும் கருவி வேண்டும். வேலையைக் கொடுக்கும் முன் அது அவர்களிடம் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சூடான இஞ்சினில் கூலன்ட் மூடியைத் திறக்கவே கூடாது.

கூலன்ட் அளவு குறைந்துகொண்டே வருகிறது, தரையில் ஒரு சொட்டு இல்லை, ஸ்டார்ட்டில் வெள்ளைப் புகை. இது மூன்றும் சேர்ந்தால் கூலருக்குள்ளேயே கசிந்து சிலிண்டருக்குப் போகிறது என்று சந்தேகிக்க வேண்டும், ஹெட் கேஸ்கெட்டாகவும் இருக்கலாம். ஓட்டாதீர்கள். வண்டியைத் தூக்கி வரச் சொல்லுங்கள்.

ட்ராக்கிலேயே செய்யக்கூடியது: மூன்று லேப் மிதித்தால் ஒரு லேப் மெதுவாக. உள்ளே வந்ததும் உடனே அணைக்காமல் ஒரு நிமிஷம் ஓடவிட்டு, பானட்டைத் திறந்து வையுங்கள். முன்பக்கக் கூலர் மேல் ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீர் தெளிக்கலாம், பிரேக் பக்கம் படாமல். விளையாட்டாக நினைக்க வேண்டாம்: போர்ஷே 911 ஜிடி2 ஆர்எஸ் காரில் இன்டர்கூலர் மேல் தண்ணீர் தெளிக்கும் ஏற்பாட்டைக் கம்பெனியே வைத்துக் கொடுத்தது. 2018 டாட்ஜ் டீமன் இன்னும் ஒரு படி மேலே போய், ஏசி குளிரையே இன்டர்கூலர் கூலன்ட்டுக்குத் திருப்பிவிட்டது.

## அறிகுறி 3: மத்தியானம் ஏற்றத்தில் மிதித்தால் "டிக் டிக் டிக்"

தகர டப்பாவில் கோலிக்குண்டைப் போட்டு ஆட்டுவது மாதிரி சத்தம். இதுதான் நாக்கிங். ஜன்னலை இறக்கி, சுவர் ஓரமாகப் போகும்போது தெளிவாகக் கேட்கும். கேட்டால் அந்தக் கணமே மிதியைக் குறையுங்கள், ஒரு கியர் இறக்குங்கள். சோதனை எல்லாம் அப்புறம். மற்ற அறிகுறிகள் இழுவையைத் திருடும். இது பிஸ்டனையே உடைக்கும்.

முதலில் பெட்ரோல். டேங்க் மூடியின் உட்புறம் எழுதியிருக்கும் ஆக்டேனுக்கு (பெட்ரோல் நாக்கிங்கைத் தாங்கும் அளவைக் காட்டும் எண்) குறைவாகப் போடாதீர்கள். மேப் ஏற்றிய வண்டி என்றால் ட்யூனர் எந்த ஆக்டேனுக்கு எழுதினார் என்று கேளுங்கள். 100 ஆக்டேனுக்கு எழுதிய மேப்பில் சாதாரணப் பெட்ரோலைப் போட்டுச் சித்திரை வெயிலில் மிதிப்பது தற்கொலை. டேங்க் கிட்டத்தட்டக் காலியான பிறகு 95 அல்லது 100 நிரப்பி, அதே ஏற்றத்தில் பாருங்கள். சத்தம் நின்றால் பதில் கிடைத்துவிட்டது.

நிற்கவில்லை என்றால் ஐஏடி ரீடிங்கைக் காலைச் சோதனையோடு ஒப்பிடுங்கள். சென்சார் உண்மையைவிடக் குறைவாகக் காட்டினால், காற்று குளிர்ச்சி என்று நம்பி ஈசியு டைமிங்கை முன்னால் தள்ளும். அடுத்தது பிளக்: நம்பர் சரியா, வேறு ஹீட் ரேஞ்ச் பிளக் யாராவது போட்டார்களா. அப்புறம் வால்விலும் பிஸ்டன் தலையிலும் கரி. பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் அடிக்கும் டைரக்ட் இன்ஜெக்‌ஷன் இஞ்சின்களில் பெட்ரோல் வால்வைக் கழுவாது என்பதால் இன்டேக் வால்வில் கரி சேர்வது சகஜம். அதைச் சுத்தம் செய்வது மேனிஃபோல்டைக் கழற்றிச் செய்கிற வேலை; வீட்டில் வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை: சின்ன டர்போ இஞ்சினை உயர்ந்த கியரில், 1500 ஆர்பிஎம்முக்குக் கீழே முழுசாக மிதிக்கும் பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள். சூடான காற்றில் அது இன்னும் ஆபத்து.

நல்ல பெட்ரோல் போட்டும் சத்தம் தொடர்ந்தால், அல்லது ஆப்பில் மிஸ்ஃபயர் எரர் கோடு (பி 0300 முதலான எண்கள்) வந்தால், ட்யூனரிடமோ நம்பிக்கையான ஒர்க்‌ஷாப்பிலோ நாக் ரீடிங் பார்த்த பிறகுதான் மறுபடி மிதிக்க வேண்டும்.

## அறிகுறி 4: ரீடிங்கே கிறுக்குத்தனமாக இருக்கிறது

மைனஸ் 40 காட்டுகிறது. கோயம்புத்தூரில் அந்தக் குளிர் இல்லை. வயர் அறுந்திருக்கிறது அல்லது கனெக்டர் கழன்றிருக்கிறது. கோடு பொதுவாகப் பி 0113. ஏர் ஃபில்டர் மாற்றிய அன்றே வந்தால் கனெக்டரைத் திரும்பச் செருகுங்கள், முடிந்தது.

130, 140 என்று உச்சத்தில் நிற்கிறது. சென்சாரிலோ வயரிலோ ஷார்ட். கோடு பி 0112. கனெக்டரைப் பிடுங்குங்கள். ரீடிங் மைனஸ் 40க்குப் போனால் சென்சார் போய்விட்டது. உச்சத்திலேயே நின்றால் வயரிங்கில் கோளாறு, எலக்ட்ரீஷியன் வேலை.

கோடு இல்லை, ஆனால் நம்ப முடியவில்லை. மல்டிமீட்டரால் சென்சாரின் ஓம் பாருங்கள். பரவலாக இருக்கும் பாஷ் வகை சென்சாரில் 20 டிகிரியில் சுமார் 2500 ஓம், 40ல் சுமார் 1200, 80ல் சுமார் 320. சூடு ஏற ஏற ஓம் இறங்கும். ஹேர் டிரையரால் ஊதினால் தடங்கலில்லாமல் இறங்க வேண்டும். குதித்தாலோ அசையாமல் நின்றாலோ மாற்றுங்கள். வேறு வகை சென்சார் என்றால் எண்கள் மாறும், போக்கு மாறாது. மாற்றுவதற்கு முன்னால் நுனியைப் பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்கு மூடியிருந்தால் மெதுவாகத்தான் ரீடிங் மாறும். சென்சார் கிளீனர் அடித்து உலரவிட்டாலே போதும்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கு "பவர் சிப்" என்று விற்பதில் பலவற்றை உடைத்துப் பார்த்தால், ஐஏடி வயரில் மாட்டும் ஒரு ரெசிஸ்டர்தான் உள்ளே இருக்கும். காற்று எப்போதும் குளிர்ச்சி என்று ஈசியுவை ஏமாற்றுவதே அதன் வேலை. உண்மையில் காற்று 60 டிகிரியில் இருக்கும்போது ஈசியு 20 டிகிரி என்று நம்பி டைமிங் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை மேலே நாக்கிங் பகுதியில் படித்திருப்பீர்கள். மாட்டியிருந்தால் இன்றே கழற்றுங்கள்.

## அறிகுறி 5: காலையிலும் மந்தம், மாலையிலும் மந்தம்

இது ஐஏடி இல்லை. வித்தியாசம் 10 டிகிரிக்குள் இருந்து, வெயிலுக்கும் மந்தத்துக்கும் தொடர்பே இல்லை என்றால் இங்கே நேரத்தை வீணாக்காதீர்கள். பூஸ்ட் குறைவு (கோடு பி 0299), அடைத்த ஃபில்டர், வேஸ்ட்கேட் (பூஸ்டைக் கட்டுப்படுத்தும் வால்வு), கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், கிளட்ச் என்று வேறு பக்கம் போக வேண்டும்.

"ஊட்டியில ஜில்லுனு இருக்குது, ஆனா வண்டி இழுக்கலையே" என்று கேட்கிறவர்களுக்கு: அங்கே காற்று குளிர்ச்சிதான், ஆனால் மெலிந்திருக்கிறது. ஊட்டி சுமார் 2240 மீட்டர் உயரம். மேட்டுப்பாளையத்தோடு ஒப்பிட்டால் காற்றழுத்தம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. 20 டிகிரி குளிர்ச்சி அதில் மூன்றில் ஒரு பங்கைத்தான் ஈடுகட்டும். டர்போ இல்லாத இஞ்சின் இந்தக் குறையை அப்படியே உணரும். டர்போ வண்டி கூடுதலாகச் சுற்றி ஈடுகட்டப் பார்க்கும், அதனால் டர்போவிலிருந்து வரும் காற்று இன்னும் சூடாக இருக்கும். குன்னூர் ஏற்றத்தில் வெளியே 18 டிகிரி இருக்கும்போதும் ஐஏடி 45 காட்டினால் பயப்படாதீர்கள். பர்லியாறு பக்கம் இறங்கும்போது தானாக இறங்குகிறதா என்று மட்டும் பாருங்கள்.

## ஒர்க்‌ஷாப்புக்கு வரும்போது

பதிவு செய்த கோப்பைப் போனிலேயே வைத்திருங்கள். அதோடு ஒரு துண்டுச் சீட்டில்: எந்த நேரம், வெளி வெப்பம் எவ்வளவு, ஏசி ஓடியதா, எந்த கியர், எத்தனை ஆர்பிஎம், கடைசியாக எந்தப் பங்க்கில் என்ன ஆக்டேன், கடந்த மூன்று மாதத்தில் யார் பம்பரையோ கூலன்ட்டையோ ஃபில்டரையோ தொட்டார்கள். கடைசிக் கேள்விக்குப் பதில் தெரியவில்லை என்றால் வருவதற்கு முன்னால் டிக்கியில் ஸ்டெப்னிக்குக் கீழே ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.